வெறும் வயிற்றோடு வேன் ஓட்டிய காலை

பாடசாலை வேன் ஓட்டப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், இரண்டொரு தங்கைமாரும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அவர்களுக்கும்:

நம் வேன் சாரதிமார் சங்கச் செயலாளர் என்னைக் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னார். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள் என்றேன். அந்தக் காலையைப் பற்றி வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அப்படித்தான்.

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில் பஸ் ஓட்டப் போனவன் நான். நியமனம் வரவில்லை, ஸ்டியரிங் கையோடு ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடம் தனியார் பஸ், ஒன்பது வருடம் சொந்த வேன். பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் இருந்து பிள்ளைகளை டவுனில் உள்ள பாடசாலைக்கு ஏற்றி இறக்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் இறங்கிவிட்டேன். மூடுபனியில் எந்த லைட்டைப் போடுவது, ஈரத் தாரில் எப்படி பிரேக் பிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது ஓட்டுகிறவனுடைய மூளையைப் பற்றி.

முதலில், சீனி கூடியிருந்த காலத்தில் நடந்தது.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பது தெரிவதற்கு ஆறேழு மாதம் முன்பிருந்தே மறதி வந்தது. இரண்டாம் வளைவில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பையனை ஒரே மாதத்தில் மூன்று தடவை ஏற்றாமல் போய்விட்டேன். மூன்று தடவையும் பனியின் மேல் பழியைப் போட்டேன். மூன்றாம் தடவை அந்தத் தாய் வேனுக்குப் பின்னால் ஓடிவந்து கண்ணாடியில் தட்டினார்.

“என்னங்கண்ணே, எங்க புள்ள வேனுக்குப் பொருந்தாத சாமானா? வேணாம்னா சொல்லிருங்க, நடத்தியே கூட்டிட்டுப் போயிருவேன்.”

எனக்கு வெட்கம் வருவதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். எதிரே வரும் முச்சக்கரவண்டிக்காரரிடம் வாய் கொடுத்தேன். இரவில் நான்கு தடவை எழுந்து வெளியே போனேன், காலையில் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. வயதாகிறது என்று நினைத்தேன். என் மகள் தர்ஷினிதான், “அப்பா, நீங்க ஒரு பக்கட் தண்ணி குடிக்கிறீங்க, ஒரு விஷயமும் ஞாபகத்துல நிக்குது இல்ல, போய் ரத்தம் பாருங்க” என்று விரட்டினாள். பார்த்தேன். சீனி எக்கச்சக்கம்.

கிளினிக்கில் மாத்திரை தந்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் தலைக்குள் இருந்த பஞ்சு போய்விட்டது. பையனையும் தவறவிடவில்லை. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்: இந்த வருத்தம் காலையும் கண்ணையும் மட்டும் தொடுவதில்லை, யோசிக்கிற இடத்தையும் தொடுகிறது. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. சீனி என்றால் விஷம், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பாதிப் பாடம் படித்தவனாக நான் அடுத்த இரண்டு வருடம் ஓட்டினேன்.

இனி நான் செய்த தவறு. உங்களில் சிலரும் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க மெடிக்கல் பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. சீனி கூடுதலாகக் காட்டினால் கையெழுத்துப் போடமாட்டார்களோ என்று பயம். எனக்கு வருத்தம் இருப்பது வீட்டைத் தவிர வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பெற்றோர் பிள்ளைகளை வேறு வேனில் போட்டுவிடுவார்கள் என்று, மனைவியிடமும் மகளிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். மெடிக்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது இராச் சோற்றை நிறுத்தினேன். அதோடு விட்டேனா, இரவில் ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். கிளினிக் நாளுக்கு முன்னால் இப்படிச் சீனி அளவைக் குறைத்துக் காட்டுகிற பழக்கம் நம் சாரதிமார் பலருக்கு உண்டு. ஒருவர் எனக்குச் சொன்னார், நான் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு முதல் நாள் பாடம் பண்ணுகிற மாதிரி.

அந்த நான்கு நாளில் ஒரு நாள் விடிகாலையிலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பால் இல்லாத, சீனி இல்லாத பிளேன்டீ ஒன்றைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு டவுனில் ரொட்டி தின்பது என் வழக்கம். வழியில், கோயில் வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண் சரிந்து கிடந்தது. பெக்கோ மெஷின் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. “தவ பொட்டய், அய்யே” என்று மெஷின்காரர் சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம்தான் என்று அவர் சொன்ன அந்தக் கொஞ்சம் முக்கால் மணித்தியாலம் ஆனது.

காத்திருந்தபோது பின் சீட்டில் இருந்து ஒரு பிள்ளை, “அங்கிள், பிஸ்கட் சாப்பிடுறீங்களா?” என்று நீட்டியது. “வேணாம்மா, நீ சாப்பிடு” என்றேன். என் வேனுக்குள் பதின்மூன்று சாப்பாட்டுப் பெட்டிகள் இருந்தன. நான் மெடிக்கலை நினைத்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டை மறுத்தேன். எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கும் கடைசி விஷயம் அந்தப் பிஸ்கட்தான்.

இதற்குப் பிறகு நடந்ததை மகள் சொல்லித்தான் எழுதுகிறேன். அவள் ஓ.எல். வகுப்பு. எப்போதும் என் பக்கத்தில், முன் சீட்டில் இருப்பாள்.

பாதை திறந்ததும் வண்டியை எடுத்திருக்கிறேன். மழை இல்லை, வைப்பரைப் போட்டிருக்கிறேன். “எதுக்குப்பா வைப்பர்?” என்று கேட்டிருக்கிறாள். நான் அதை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியைப் பார்த்து, “உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு” என்று சத்தம் போட்டிருக்கிறேன். பஸ் ஓட்டிய காலத்துப் பேச்சு. பிள்ளைகள் அங்கிள் பகிடி பண்ணுகிறார் என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் எழுந்து பின்னால் போவது போல நடித்தும் இருக்கிறார்கள். மகள் சிரிக்கவில்லை. என் நெற்றியில் இருந்து வியர்வை வழிந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தக் குளிரில்.

“அப்பா, கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

“ஏன்?”

“எனக்கு வாந்தி வருது.”

“டைம் போயிருச்சு. வாய மூடிட்டு இரு.”

அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள், மற்றதற்கெல்லாம் அழவில்லை.

வண்டி மெல்ல மெல்ல நடு ரோட்டுக்கு வந்து, பிறகு வலப் பக்கத்துக்கே போயிருக்கிறது. வலப் பக்கம் பள்ளம். பனி விலகினால் அடியில் கொத்மலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரியும் இடம். கத்தினால் பின்னால் இருக்கும் பிள்ளைகளும் கத்துவார்கள், கத்தினால் நான் திடுக்கிட்டு எதையாவது மிதித்துவிடுவேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் அதை நினைத்தது. நான் நினைத்திருப்பேனா தெரியாது.

இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு முனியாண்டி கோயில் வளைவைச் சொல்லத் தேவையில்லை. யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தி, உண்டியலில் ஒரு காசைப் போட்டு, திருநீற்றைத் தொட்டு ஸ்டியரிங்கில் வைத்துவிட்டுத்தான் போவோம். சிங்களச் சாரதிமாரும் நிறுத்துவார்கள். இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளும் நிறுத்தாமல் நான் அந்த வளைவைத் தாண்டியதில்லை. அன்றைக்கும் காசு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். கோயில் எங்களுக்கு ஒரு மைல் பின்னால் இருந்தது.

மகள் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: “அப்பா, முனியாண்டி கோயில் வந்துருச்சு. காசு போடணும்.”

என் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. நான் சட்டைப் பையில் காசு தேடினேனாம். அந்த நேரத்தில் அவள் கைப்பிரேக்கை இழுத்து, என் மடியின் மேலாகக் கையை நீட்டிச் சாவியை எடுத்துவிட்டாள். முன் சில்லுக்கும் ரோட்டு விளிம்புக்கும் இடையில் இரண்டு முழம் இருந்ததாகச் சொன்னார்கள். போய் அளக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்னாளில் நான் அவளிடம் கேட்டேன். “எப்படிம்மா உனக்கு அது தோணுச்சு?”

“உங்ககிட்ட பேசுனா கேக்கல. அதான் உங்க காலுகிட்ட பேசுனேன்.”

பிள்ளைகளை இடப் பக்கத்துக் கதவால் இறக்கி மலைச் சரிவோரம் நிறுத்திவிட்டு, அடுத்த வளைவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவரிடம் ஓடியிருக்கிறாள். அவர் வந்தார், கொழுந்து எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். நான் சாவியைக் கேட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சுகர்” என்றாள் மகள். இரண்டு வருடம் சொல்லாதே என்று நான் பூட்டி வைத்திருந்த சொல்லை ரோட்டில் வைத்து உடைத்தாள். “மாத்திரை போட்டுட்டு சாப்பிடல. ராத்திரியும் சாப்பிடல.”

நானா ஓடிப்போய் பிளேன்டீயில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். வந்த பெண்களில் மூத்தவர் கையை மறித்தார்.

“சுகர்காரருக்குச் சீனித் தண்ணியா குடுக்குறீங்க? ஆளக் கொல்லவா?”

“சீனி கூடினா ஆள் இப்படி ஒரேயடியா வேர்த்து உளறாதும்மா. இது குறஞ்சது.”

“நீங்க என்ன டொக்டரா?”

“டொக்டர் இல்லம்மா. எங்க வாப்பாவுக்கு நோன்பு நாள்ல இப்படி ஆச்சு, அப்ப டொக்டர் சொன்னதத்தான் சொல்றேன்.”

நானும் கோப்பையைத் தள்ளிவிட்டு, “எனக்குச் சீனி ஆகாது” என்றேனாம். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத நிலையில், சீனி ஆகாது என்பது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. மூவரும் மகளைப் பார்த்தார்கள். பிழையாகப் போனால் பழி அவள் தலையில்தான்.

“குடுங்க நானா” என்று கோப்பையை வாங்கினாள். என் தலையைத் தடவிக்கொண்டு, “மருந்துப்பா, ஒரு வாய் குடிங்க” என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். நான் நினைவோடு விழுங்கக்கூடியவனாக இருந்தேன், அதனால் முடிந்தது. நினைவில்லாத ஆளின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும், உடனே ஆஸ்பத்திரிதான்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. முதலில் கண்டது, மலையோரம் வரிசையாக நின்ற வெள்ளைச் சீருடைகளை.

“ஏன் புள்ளைங்கள இறக்கி வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

பின் சீட்டுப் பிள்ளை பிஸ்கட் பக்கெட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

தம்பிமாரே, அடுத்ததாக நான் செய்ததைக் கேளுங்கள். எழுந்து, முகத்தைத் துடைத்து, “இப்ப நல்லாத்தான் இருக்கேன், சாவியக் குடு, ஸ்கூலுக்கு லேட்டாகுது” என்றேன். எனக்கு உண்மையாகவே நல்லாத்தான் இருந்தது. முன்பு வண்டி வலப் பக்கம் போனபோதும் எனக்கு நல்லாத்தான் இருந்திருக்கிறது. மகள் சாவியைச் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டு கையை மேலே வைத்துக்கொண்டாள்.

“தரமாட்டேன்பா.”

“அப்பா சொல்றேன்.”

“அப்பா சொல்றீங்கன்னு தெரியுது. தரமாட்டேன்.”

நானா தொலைபேசியில் வேறொரு வேன்காரத் தம்பியை வரவழைத்துப் பிள்ளைகளை அவர் வேனில் அனுப்பினார். என்னை முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்கு அவர்மேலும் கோபம்தான். அங்கே வார்ட்டில் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் பாடசாலை விடுகிற நேரத்துக்குச் சீனி மறுபடி இறங்கியது. அந்த மாத்திரையின் வேலை ஒரு கோப்பைத் தேநீரோடு முடிகிறதில்லை. நான் சாவியை வாங்கியிருந்தால், அதே நேரத்தில் அதே பிள்ளைகளோடு அதே பாதையில் ஏறிக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் வார்ட்டுக்குப் பொறுப்பான டொக்டர் அம்மா என் கட்டிலோரம் உட்கார்ந்து பேசினார். அதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குத்தான்.

“கை காலுக்கெல்லாம் உடம்புல கொஞ்சம் சேமிப்பு இருக்கு. மூளைக்குச் சேமிப்பு இல்லாத மாதிரித்தான். இரத்தத்துல வர்ற சீனிய அந்தந்த நேரத்துக்கு எடுத்துக்கும். அது குறஞ்சா முதல்ல போறது யோசனை. பழகின வேலை கடைசி வரைக்கும் ஓடும். அதனால நீங்க ஓட்டிட்டுத்தான் இருப்பீங்க, ஓட்டுற ஆள்தான் உள்ள இருக்காது.”

“முந்தியெல்லாம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் டொக்டர். இப்ப கொஞ்ச நாளா அது ஒண்ணும் இல்ல. உடம்பு பழகிருச்சுன்னு நெனச்சேன்.”

“பழகல. அடிக்கடி குறஞ்சு குறஞ்சு, எச்சரிக்கை பண்றத உடம்பு நிப்பாட்டிருச்சு. அதான் பயம். கூடினா வேற மாதிரி. அது மூளைக்குப் போற சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள வருஷக்கணக்கா கெடுக்கும். மறதி, கவனக் குறைவு, கோபம், சிலருக்குக் கை கால் விழுற பாரிசவாதம். கூடினாலும் தப்பு, குறஞ்சாலும் தப்பு. நீங்க மெடிக்கலுக்கு மாத்திரை போட்டீங்க. மாத்திரை மூளையக் காப்பாத்தத்தான் குடுத்தது.”



வீட்டுக்கு வந்தபோது ஊரில் ஒரு கதை தயாராக இருந்தது. டிரைவர் அண்ணனுக்குத் தலை சுத்து, மகள் சமாளித்துவிட்டாள். அவ்வளவுதான். நானாவும் அந்த இரண்டு பெண்களும் சீனியைப் பற்றி வெளியே பேசவில்லை. மனைவி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “இத்தோட விட்டுருங்க. இனி நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு ஓட்டுங்க. வேன விட்டா வேற என்ன இருக்கு நமக்கு?”

நியாயமான பேச்சு. ஒழுங்காகச் சாப்பிட்டு, டொக்டர் சொல்கிறபடி மாத்திரையை மாற்றி, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் விரலில் குத்திப் பார்த்து, சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு பத்திரமாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவன் ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறைக்கிறவன் ஓட்டக்கூடாது. எச்சரிக்கை கிடைக்காமல் சீனி இறங்குகிறவன், டொக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் ஓட்டக்கூடாது. எனக்கு டொக்டர் இன்னும் சொல்லவில்லை. ஒருவேளை சொன்னாலும், பிள்ளைகள் ஏறுகிற வண்டியை இனி எடுப்பதில்லை என்பது என் முடிவு. என் ஒருவனுடைய முடிவு.

மூன்று இரவு நான் யோசித்தேன். மகள் சாவியை எனக்குத் திருப்பித் தரவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர் எல்லோரையும் வாசகசாலைக்கு வரச்சொன்னேன். மனைவி வரவில்லை. மகள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையைக் கூடுதலாகப் போட்டது, சாப்பிடாமல் இருந்தது, இரண்டு வருடம் மறைத்தது, வண்டி வலப் பக்கம் போனது. ஒருவர், “அப்ப இத்தன நாளும் எங்க புள்ளைங்க உசுர வச்சா வெளாண்டீங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அவர் போனது சரி. இன்னொருவர், “பரவாயில்லண்ணே, எல்லாருக்கும் வர்றதுதானே” என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய், சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், எல்லோரும் பேசி முடிந்ததும் கேட்டார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. அந்த நேரத்துல எம்புள்ள பேரக் கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

ஒன்றரை வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் ஏற்றினேன். தெரிந்திருக்கும் என்று சொல்ல வாய் வந்தது.

“தெரிஞ்சிருக்காதும்மா” என்றேன். “எம்புள்ள பேரே தெரிஞ்சிருக்காது.”

அவர் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“சரி. நாளைக்கு வேன் எத்தன மணிக்கு வரும்?”

“வழமையான நேரத்துக்கு வரும்மா. அன்னைக்குப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போன தம்பிதான் ஓட்டும். நான் வரமாட்டேன்.”